கழுவித் துடைத்த போன்

நல்ல பையன் என்ற பெயருக்குத் தேரடித் தெருவில் விலை முந்நூறு ரூபாய்.

பெண் பார்க்கக் கிளம்பும் முன் முருகவேல், ஜினேந்திரனின் செல்போன் கடைக்கு ஓடினான். "பொண்ணோட அப்பா போனை வாங்கிப் பார்ப்பாராம், அண்ணே!"

"ரம்மி ஆப், லோன் ஆப், டேட்டிங் ஆப்... உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" ஜினேந்திரன் போனை வாங்கித் தட்டித் திருப்பிக் கொடுத்தார். " எல்லாத்தையும் மறைச்சுட்டேன். மேல தீபப் படம், கீழ பஞ்சாங்கம், தேவாரம். இப்ப நீ சாமியாரு, போ!"

வேங்கிக்காலில் பெண்ணின் அப்பா அருணகிரி, கத்திரிக்காய் பொறுக்குபவரைப் போலப் போனைப் புரட்டிப் பார்த்தார். "தங்கமான பையன்!"

முருகவேலின் அம்மா விடுவாரா? "உங்க பொண்ணு போனையும் காட்டுங்க."

வினோதினி அடக்கமாக நீட்டினாள். அதே தீபப் படம். அதே பஞ்சாங்கம், அதே தேவாரம், அதே வரிசையில்.

"என்ன பொருத்தம் பாருங்க!" பெரியவர்கள் பூரித்துப்போய்த் தட்டு மாற்ற நாள் குறித்தார்கள்.

வினோதினி மெல்லக் கேட்டாள்: "ஜினேந்திரன் கடைதானே? எத்தனை மறைச்சீங்க?"

"பதினொண்ணு. நீங்க?"

"பதினாலு."

கணக்குப்படி, மாப்பிள்ளை பக்கம் இன்னும் மூன்று பொய் பாக்கி.