அந்த வரி மட்டும் இன்னொரு முறை

மின்விசிறிக் காற்று எட்டாத கடைசி நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தான் அவன்.

மேடையில் அவன் மனைவி. கையில் நாலாக மடித்திருந்த ஒரே தாள்.

"தரைத்தொட்டியை
மூட மறந்தவள் நான்."

"ஆகா!" என்றார் முன்வரிசைப் பேராசிரியர். "அந்த வரி மட்டும் இன்னொரு முறை, அம்மா!"

பிடித்த வரியைத் திரும்பக் கேட்பது கவியரங்க வழக்கம். கேட்டால் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

வாசித்தாள். குரல் உடைந்தது.

பேராசிரியர் கச்சேரி கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடித் தலையாட்டினார். ஒரு பெண் கைபேசியில் பதிவு செய்தாள். தூண் ஓரத்து அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு அழ வேறு யாரோ இருந்திருக்க வேண்டும். ஒருவர் கொட்டாவியை அடக்கினார்.

அந்தத் தொட்டியில் விழுந்து இறந்தபோது மகள் மகிழினிக்கு இரண்டரை வயது.

அன்று காலை துணி துவைக்கத் தண்ணீர் மொண்டது மனைவிதான். மூடினேனா என்று அவளுக்கே நினைவில்லை. சொந்தபந்தம் எல்லாம் அவளைத்தான் சொன்னது. அவளும் நம்பிவிட்டாள்.

அவள் மூடித்தான் இருந்தாள்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க மூடியைத் தூக்கியவன் அவன். போன் வந்தது. பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டான்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தான். மூன்று வருடம் ஓடிவிட்டது.

பக்கத்து நாற்காலிக்காரர் அவன் பக்கம் சாய்ந்தார். "பெத்தவளே மூடாம விட்டுட்டு, இப்ப கவிதை எழுதி என்ன சார் ஆகப்போகுது?"

"ஆமாங்க" என்றான்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. பாவி, என்று தன்னையே வைதுகொண்டான்.

"கடைசியா ஒரு முறை, அம்மா!"

அவள் நிமிர்ந்து அவனைத் தேடினாள். ஒரு சொல் குறை சொல்லாத புருஷன் என்று ஊரெல்லாம் அவனைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

"மூட மறந்தவள் நான்."

அவன் எழுந்துவிட்டான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

அவன் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்துக்காரர் எழுந்தார். அடுத்த வரிசை எழுந்தது. குழந்தைக்கு மௌன அஞ்சலி என்று நினைத்து அரங்கமே எழுந்து தலை குனிந்தது.

ஒரு சத்தமில்லை. மெதுவாகச் சொன்னாலே எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

தலை குனியாதவள் அவள் மட்டும். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், நன்றியோடு.

ஒரு நிமிடம்.

"அமரலாம்" என்றார் பேராசிரியர்.

முதலில் உட்கார்ந்தது அவன்தான்.