எட்டாவது சீட்டு

சிவப்பு வேனின் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி அவள் ஆட்களை எண்ணினாள்.

தம்பி. தம்பி பெண்டாட்டி சந்தனமாரி. பிள்ளைகள் மூன்று. வீட்டில் இருக்கும் அப்பா, அம்மா.

ஏழு.

விரல் மடக்கி மறுபடியும் எண்ணினாள். அதே ஏழுதான். வண்டியிலும் சீட்டு ஏழு. வீட்டுக்கு வந்து அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அவள் எட்டாவது ஆள்.

"நடு வரிசையில பாருங்க மேடம், ரெண்டு தனித்தனி நாற்காலி. கேப்டன் சீட்டு. கை வச்சுக்கலாம், சாஞ்சுக்கலாம்," என்றார் ஷோரூம்காரர். கழுத்தில் டை கட்டியிருந்தார். "அந்த வெள்ளை வண்டியில ஒரே நீளச் சீட்டு. மூணு பேரு ஒட்டி உக்காரணும்."

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாற்காலிக்கு மூன்று பேரும் அடித்துக்கொண்டார்கள். தம்பியோ ஸ்டியரிங்கைப் பிடித்தவன் இன்னும் விடவில்லை. அவனுடைய மனம் பாதி வழி போய்விட்டது.

"நல்ல வண்டிடா. இதையே எடுத்துரு," என்றாள் அவள். கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

எதை வாங்கினாலும் தம்பி அவளைக் கூட்டிவந்துவிடுவான். கிரைண்டர் முதல் வீட்டுமனை வரை அப்படித்தான். அக்கா கை ராசியான கை. ஊர் சுற்றக் கிளம்பும்போது மட்டும் அந்த ராசிக்கு லீவு.

அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் அவளே முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நிற்பாள்.

"நீங்க போயிட்டு வாங்க. அன்னிக்குத் தண்ணி வருது. பிடிக்க ஆள் வேணும்லா?"

பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும் கோவில்பட்டியில் இதற்கு மறுபேச்சு ஏது?

உண்மை வேறு. வாடகை வண்டியில் டிரைவர் போக ஏழு பேருக்குத்தான் இடம். பிள்ளைகளும் மடியில் உட்காரும் வயதைத் தாண்டிவிட்டார்கள். இடமில்லை என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அவளுக்குத் தாங்காது. அதற்கு முன் அவளே வரவில்லை என்றுவிட்டால் மரியாதை.

அவளுடைய அலமாரியில் கன்னியாகுமரிச் சங்கு இருக்கிறது. கொடைக்கானல் தைலம் இருக்கிறது. ராமேஸ்வரத்துப் பாசிமாலை இரண்டு. எல்லா ஊரும் அவளைத் தேடி வந்துவிட்டன. அவள்தான் ஒன்றுக்கும் போனதில்லை.

போக வேண்டும் என்று ஆசை. ஐம்பத்திரண்டு வயதில் வெட்கம்கெட்ட ஆசை.

சந்தனமாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

அவளுக்கும் சந்தனமாரிக்கும் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. புளிக்குழம்பில் வெல்லம் போடலாமா கூடாதா என்று ஆரம்பித்தது, பதினாறு வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தி வரை போய்விட்டு வந்திருந்தது.

சந்தனமாரி ஏறினாள். நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

இறங்கினாள்.

"அந்த வெள்ளைய திறந்து காட்டுங்க."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. "ஏன், இதுக்கு என்ன?"

"ஒரு சீட்டு குறையுது."

"அதான் ஏழு இருக்குல்லா?"

"மதினி எங்க உக்காருவாங்க?"

பிள்ளைகள்கூடச் சண்டையை நிறுத்திவிட்டார்கள்.

அவளுடைய வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"எனக்கெதுக்கு? தண்ணி வரும்..."

"தண்ணி வந்தா வருது, போனா போவுது." சந்தனமாரி இதையும் டைக்காரரிடம்தான் சொன்னாள். மதினியோடுதான் பேச்சில்லையே. "போன தடவ கொடைக்கானல்ல மூணு நாளு. சண்ட போட ஒரு ஆளு கிடையாது. இவரு எதச் சொன்னாலும் சரிங்காரு. மனுஷி என்னதான் செய்ய?"

டைக்காரருக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஆட்டிவைத்தார்.

"சரி," என்றான் தம்பி.

வெள்ளை வண்டியில் அவள் ஜன்னல் ஓரம் பார்த்து ஏறிக்கொண்டாள். பக்கத்தில் சந்தனமாரி. அந்தப் பக்கம் கடைக்குட்டி. இடையில் கை வைக்கக் கட்டை கிட்டை எதுவும் இல்லை. சாய்ந்தால் அடுத்த ஆள் மேல்தான் சாய வேண்டும்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான். வேறென்ன?

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஷோரூம் சுவரும் மணல் வாளி ஒன்றும்தான் இருந்தன. மலையையும் அருவியையும் பார்ப்பது போல அந்த வாளியையே பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க மதினி. மொத்தச் சீட்டையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி?"

இரண்டு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

அவள் இம்மியும் நகரவில்லை.

டைக்காரர் கதவருகே குனிந்தார். "இதே வண்டி சிவப்புலயும் இருக்கு மேடம். எந்தக் கலர் போடட்டும்?"

"வெள்ளையே இருக்கட்டும்," என்றாள் சந்தனமாரி.

ஜன்னலோரம் இருந்தவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெள்ளையில அழுக்கு அப்படியே தெரியும். தெனம் யாரு தொடைக்க? நீயா?"