ஆகாசத்துக் கல்

தலைப்பிரசவத்துக்கு அறிவுச்செல்வியை எப்போது அழைத்துப் போகிறீர்கள் என்று கேட்கத்தான் மருமகன் யோகேஷ் எடப்பாடியிலிருந்து வந்திருந்தான். மாமனார் மாதையனோ டிவியில் ஓடிய விண்கல் செய்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏனுங்க மாப்ள, பூமி மேல மோத வர்ற கல்ல முன்னாடியே கண்டுபுடிச்சிருவாங்களா?"

"வருசக்கணக்குல முன்னாடியே பாத்துருவாங்க மாமா. ராக்கெட்ட உட்டு இடிச்சு, ஒரு கல்லத் தெச மாத்திக்கூடப் பாத்துட்டாங்க."

"எல்லாக் கல்லயும் திருப்பீர முடியுங்களா?"

"சின்னது சிலது கண்ணுக்குத் தப்பீருமாம். அதுக்காக, ஆகாசத்துக் கல்லுக்குப் பயந்து பொண்ணக் கூட்டியாராம இருப்பாங்களா? செலவுக்கு யோசிக்கறீங்கன்னா நான் பாத்துக்கறனுங்க."

மாதையன் வாய் திறப்பதற்குள் வெளியே சங்கு ஊதியது. அடுப்படியிலிருந்து ஓடி வந்த மாமியார் ராமாயி, "வாங்க சாமி, வாங்க" என்று மருமகனின் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் கொல்லையிலிருந்த கக்கூசுக்குள் நெருக்கி நின்றார்கள். அந்த வீட்டில் கான்கிரீட் கூரை போட்ட இடம் அது ஒன்றுதான்.

"என்னங்கத்தை இது?"

"மேக்கால புதுசா வந்த குவாரில சங்கு ஊதிட்டு வேட்டு வெக்கறாங்க. கல்லு இங்க வரைக்கும் பறந்து வருது. மனுக் குடுத்தே ஓஞ்சுட்டோம். உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க."

தரை அதிர்ந்தது. வீட்டுக் கூரையில் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது, மகளுக்கென்று புதுக் கயிறு போட்டு வைத்திருந்த கட்டிலின் நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு கல் கிடந்தது.

யோகேஷ் டிவியை அணைத்தான்.

"அவ அங்கயே இருக்கட்டுங்க மாமா."

மாதையன் அந்தக் கல்லைத் தூக்கிப்போய், கொல்லையில் கிடந்த கற்குவியலோடு போட்டார்.