திருப்பி வைக்க ஒன்று

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசையில் அந்தக் குடும்பத்துக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆள்தான். குடும்பத் தலைவர் தங்கள் தள்ளுவண்டிக்குள் குனிந்தார்.

மனைவி ஒதுங்கி வழிவிட்டாள். பழகிப்போன விஷயம்.

எடுத்ததில் ஒரு பொருளையாவது திரும்ப அலமாரியில் கொண்டுபோய் வைக்காமல் அவர் பில் போடவிட்டதே இல்லை. அந்த ஒன்றில்தான் குடும்பமே தலைநிமிர்ந்து நிற்கிறது என்பது அவர் எண்ணம். தணிக்கை அதிகாரி வேறு. ஊரார் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கிறவர், சொந்த வீட்டில் கோட்டை விடுவாரா?

வழக்கமாக மேலாகவே கிடக்கும், குட்டி ஸ்டூல் உயரத்துக்கு ஒரு சாக்லேட் டப்பா. எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது நடையே மாறியிருக்கும்.

இன்றைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய கையோடு வந்திருந்தார். வழக்கமான டப்பா மட்டும் போதாது என்று பட்டது. டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு அடிவரை துழாவினார். கலர் பென்சில் பெட்டி ஒன்று அகப்பட்டது.

மகன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறக்கவில்லை.

சின்னவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. கண் கலங்கிவிட்டது.

“அது இல்லப்பா! நீங்க திருப்பி வைக்கிறதுக்குத்தான் அந்தப் பெரிய டப்பா. அம்மா மறக்காம எடுத்துப் போட்டாங்களே!”

மனைவி அவசரமாகக் கூரை விளக்குகளை ஆராயத் தொடங்கினாள். பில் போடும் பெண் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினாள். அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது.

மானம் கப்பலேறிவிட்டது. இத்தனை வருஷமாக அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் வாங்கவே நினைக்காத பொருளில்!

பென்சில் பெட்டியை உள்ளே போட்டார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வேறென்ன செய்வது, பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அலமாரி முன்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். அவர் கையிலும் அதே டப்பா. அதை உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்தவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

“நாம கவனிக்கலைன்னா வீட்டையே காலி பண்ணிடுவாங்க சார்.”

கொஞ்சம் தள்ளி, அந்த மனிதரின் மனைவி வண்டியும் பிள்ளைகளுமாக நின்றிருந்தாள். முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

இவருக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாவம், நல்ல மனுஷனாகத் தெரிந்தார்.

“ஆமா சார், விடவே கூடாது” என்று சொல்லிவிட்டு, அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே தன்னுடையதையும் வைத்தார்.