ஸ்பிரிங் மேல் பழி

"ஸ்பிரிங் தொளதொளன்னு இருக்கு சார், அதான் குண்டு மெதுவா போகுது. போட்டுக் கொடுத்த பட்டறையைக் கேளுங்க" என்றான் டேரல்.

நெப்ராஸ்காவில் கைத்துப்பாக்கிப் போட்டி. வேகம் அளக்கும் மேசையைச் சுற்றிக் கூட்டம். குண்டு வினாடிக்கு ஆயிரத்துப் பத்து அடியாவது பறக்க வேண்டும். டேரலின் குண்டு தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் நின்றுவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெர்னா ஹால்வர்சன் வந்தார். வயது அறுபத்தெட்டு. அப்பா தொடங்கிய துப்பாக்கிப் பட்டறையை நாற்பது வருடமாக நடத்துபவர்.

"எந்த வாய் அதைச் சொன்னது?"

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் ராய்ஸ் குரலைத் தணித்தார். "கோவப்படாதீங்க மேடம். துப்பாக்கியில கோளாறுன்னா இவர் நாளைக்கு மறுபடி சுடலாம். தோட்டாவுல கோளாறுன்னா இப்பவே வெளியேறணும். கோப்பை இவருக்குத்தான்னு ஊரே சொல்லுது. 'ஆமா, ஸ்பிரிங்தான்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். உங்களுக்கென்ன நஷ்டம்?"

"எங்க பட்டறை பேரு போகும். இவனுக்குக் கோப்பை வேணும்னு நான் தலையைக் குனியணுமா?"

வெர்னா கருவிப்பெட்டியிலிருந்து மூன்று ஸ்பிரிங்குகளை எடுத்து மேசையில் வைத்தார். "இது மெத்துன்னு இருக்கும். இது நடுத்தரம். இது டிராக்டரையே நிறுத்தும். மாத்தி மாத்திப் போட்டு, இவனோட தோட்டாக்களையே சுடுங்க."

"எதுக்கு சார் வீண் வேலை?" என்றான் டேரல்.

"பயமா இருந்தா தள்ளி நில்லு."

ராய்ஸ் சுட்டார். தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. அறுபத்து மூன்று. டிராக்டரை நிறுத்தும் ஸ்பிரிங்குக்கு அறுபத்து நான்கு. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பார்த்தீங்களா? சுட்டதும் பின்னால போற இந்த மேல்பாகம், ஸ்லைடு, ஒரு கோதுமை மணி அளவு நகர்றதுக்குள்ள குண்டு குழாயை விட்டு ஓடிடும். ஓடினதை ஸ்பிரிங் எப்படிப் பிடிச்சு இழுக்கும்? ஸ்லைடைத் தாங்கி, திருப்பி அனுப்பறதுதான் அதோட வேலை. இங்க குறைஞ்சது தோட்டாவுக்குள்ள இருக்கிற வெடிமருந்து. கை அதிரக் கூடாதுன்னு குறைச்சிருக்காங்க. தோட்டாவை அடைச்சது யாருன்னு கேளுங்க."

"நான்தான்" என்றான் டேரல், தரையைப் பார்த்து.

ராய்ஸ் பட்டியலில் அவன் பெயரை அடித்தார். பிறகு வெர்னாவிடம் மெல்லச் சொன்னார்: "ஜெயிச்சிட்டீங்க மேடம். ஆனா இனிமே இவர் உங்க பட்டறைப் படி ஏறமாட்டார்."

"ஏறாம எங்கே போவான்?" பெட்டியை மூடிப் பூட்டிய வெர்னா, விறைத்த முதுகோடு டேரல் பக்கம் திரும்பினார்.

"டேய், வண்டியை எடு. நடந்ததை உங்கப்பாகிட்ட நீயே உன் வாயால சொல்லிடு. நான் சொன்னா, பெத்த பிள்ளையையே காட்டிக் கொடுத்தியான்னு என்கிட்ட சண்டைக்கு வருவாரு."