வச்சிட்டுக் கூப்பிடுங்க

ஸ்தனிஸ்லாஸ் குறடை எடுத்துக் கம்பியில் வைத்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டார். இத்தனை வருட லைன்மேன் வேலையில், வெட்டப் போகும் லைன் எதிர்த்துப் பேசி அவர் பார்த்ததில்லை.

ஆனந்தமேரிக்கும் திக்கென்றது. இணைப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததே அவள்தான். வீட்டில் ஆளுக்கொரு செல்போன் இருக்க, அடிக்காத போனுக்கு மாதாமாதம் பில் கட்டுவது எந்தச் சாமிக்கு நேர்ச்சை? செம்பட்டியிலிருந்து வரும் ரோட்டோரத்தில் இரும்புக் கம்பங்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் ஓடுவது இப்போது அவள் வீட்டுக் கம்பி மட்டும்தான். மற்றபடி கம்பங்களில் ஆடு கட்டுகிறார்கள்.

எதிர் வீட்டு மாயம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

மாயம்மாள் மகன் சின்னக்கண்ணுவுக்குத் தெரிந்த நம்பர் இது ஒன்றுதான். அவன் ஊரில் இருந்த காலத்தில், ஆடிக் காற்றில் ரோட்டோரக் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போன் ஊமையாகிவிடும். லைன்மேன் வரும்வரை யார் காத்திருப்பது? சின்னக்கண்ணுதான் தொரட்டியோடு போய்ப் பிரித்துவிட்டு வருவான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் குடித்துவிட்டு வந்தான் என்று மாயம்மாள் தெருவே பார்க்க விளக்குமாற்றால் அடித்தாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறியவன்தான். இருபது வருடமாகத் துப்பு இல்லை.

ஞாயிறுதோறும் ஆனந்தமேரி பூசை முடிந்து திரும்பும்போது மாயம்மாள் வாசலில் நிற்பாள். “போன் கீன் வந்துச்சா மேரி?” என்பாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி ஆனந்தமேரிக்கு அலுத்துவிட்டது. கேட்டவளுக்கு அலுக்கவில்லை.

அடித்துக்கொண்டிருந்த போனை ஆனந்தமேரி எடுத்தாள்.

“எங்கம்மா மாயம்மாவைக் கூப்பிட முடியுமாக்கா? நான் சின்னக்கண்ணு.”

“வச்சிட்டு அஞ்சு நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க, கூட்டியாறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

பழைய பழக்கம். ஊருக்கே இது ஒரே போனாக இருந்த காலத்தில், கல்யாணப் பத்திரிகையில்கூட அவரவர் பெயருக்குக் கீழே இவள் வீட்டு நம்பரைத்தான் போடுவார்கள். யாருக்குப் போன் வந்தாலும் இவள் ஓடிப்போய்க் கூட்டி வர வேண்டும். அதுவரை வெளியூர்க்காரனுக்கு மீட்டர் ஓடக் கூடாதே என்று இப்படிச் சொல்லி வைப்பாள். வீடு மந்திரிக்க வரும் பங்குச் சாமியாரைவிட அதிகமாக அந்தத் தெருக்களில் நடந்தவள் அவள்.

அடித்தவனின் நம்பரைக் காட்டுகிற போனா அது? பாவி, கைக்கு வந்ததைக் கீழே போட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினாள்.

மாயம்மாள் பாத்திரம் தேய்த்த நுரைக் கையோடு வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடம் எப்போதோ போய்விட்டது. ஸ்தனிஸ்லாஸ் குறடைப் பைக்குள் போட்டு மூடினார். வெளியே போய்க் கம்பத்தைக் காரணமில்லாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். ஆனந்தமேரி அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். அது போதாது என்று பட்டதும் ஒரு சேவலையும் சேர்த்தாள்.

போன் அடித்தது.

மாயம்மாளே எடுத்தாள். எதிர்முனையில் பேசுவது கூடம் முழுக்கக் கேட்டது.

“அக்கா, அம்மா வந்துருச்சா?”

குரல் தடித்துப் போயிருந்தது. மாயம்மாள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“இல்லையேப்பா. உங்கம்மா வெங்காயம் பிடுங்கப் போயிருக்கா. நாளைக்கு இந்நேரத்துக்குக் கூப்பிடு. கட்டாயம் இருப்பா.”

“அப்படியாக்கா? சரிக்கா, நாளைக்குக் கூப்பிடுறேன்.”

மாயம்மாள் ரிசீவரை வைத்தாள். பெற்றவள் குரல் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

ஆனந்தமேரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏக்கா, உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? நம்பரையாச்சும் வாங்கியிருக்கலாம்ல?”

“வாங்கிட்டா நாமதான கூப்பிடணும்” என்றாள் மாயம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. “இப்பன்னா நாளைக்கும் அவனே கூப்பிடுவான்.”

ஸ்தனிஸ்லாஸின் செல்போன் அடித்தது. ஆபீசிலிருந்து. லைனை வெட்டியாகிவிட்டதா என்று கேட்டார்கள்.

அவர் மாயம்மாளைப் பார்த்தார். ஆனந்தமேரியைப் பார்த்தார்.

“வீட்ல ஆள் இல்ல சார்” என்றார். “நாளைக்கு வந்து பாக்குறேன்.”