ஒண்ணும் தெரியாத நேரம்

"அஞ்சே காலுக்குப் போங்க. சூரியன் இறங்கறதையும் பார்க்கலாம், ஊர் முழுக்க விளக்கு எரியறதையும் பார்க்கலாம். ஒரே டிக்கெட்ல ரெண்டு காட்சி."

டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாக அவள் ஒப்பிக்கிற பதில் இது. எழுபதாவது மாடிக்கு எந்த நேரத்தில் ஏறினால் நல்லது என்று கேட்காத ஆளே கிடையாது.

அன்று வந்த மனிதர் மட்டும் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அது சரிப்படாதும்மா. மேலே போனா ஒண்ணுமே தெரியாத நேரம் எது?"

"என்னது?"

"மூட்டம் போட்டிருக்கணும். ஆள் நடமாட்டமும் இருக்கக்கூடாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம். உள்ளங்கையில் கயிறு அறுத்த மாதிரி தழும்பு.

"எத்தனை பேர்?"

"ரெண்டு. நானும் என் வீட்டுக்காரியும்."

"காலையில ஏழு மணிக்குச் சில நாள் மூட்டம் இருக்கும். பார்க்க ஒண்ணும் இருக்காது. அப்புறம் எங்களைத் திட்டக்கூடாது."

"திட்ட மாட்டேன். அந்தக் கம்பி போட்ட வெளி மாடம் இருக்கே, அன்னைக்கு அதைத் திறந்து வைப்பீங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காவலாளியைக் கூப்பிட்டாள். அவனுக்குப் பெயர் மீசை. மீசையை எடுத்து ரெண்டு வருஷமாகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பெண்டாட்டியைக் கூட்டிட்டு வர்றவன் எவனாவது ஒண்ணும் தெரியாத நேரமாக் கேப்பானா?"

"புதுசாக் கட்டிக்கிட்டவங்களா இருக்கும்க்கா."

"அம்பது வயசுலயா?"

"அப்ப அது அவன் பெண்டாட்டியா இருக்காது."

"விளையாடாதே. கையில கயித்துத் தழும்பு வேற. வெளி மாடம் திறந்திருக்குமான்னு கேக்கறான்."

மீசை சிரிப்பை நிறுத்தினான்.

வீட்டில் சொன்னதற்கு அவள் கணவர், "செருப்பு இடம் மாறினாலே திருடன் வந்தான்னு சொல்றவ நீ," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளும் அவர் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வெயில் என்றதும் திரும்பிப் போனார்.

நான்காம் நாள் எதிர்க்கட்டடமே தெரியாதபடி மூட்டம். ஏழு மணிக்கு முதல் ஆளாக நின்றார். பக்கத்தில் மடிப்புக் கலையாத உடையில் ஒல்லியான ஓர் அம்மா.

"ரெண்டு வருஷமா நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்தடிச்சார்மா," என்றாள் அந்த அம்மா சந்தோஷமாக. "இன்னைக்கு விடியறதுக்குள்ள எழுப்பி, கிளம்புன்னு நிக்கறார்."

டிக்கெட்காரி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். ஜன்னலை மீசையிடம் ஒப்படைத்துவிட்டு அவர்களோடு லிஃப்டில் ஏறிக்கொண்டாள்.

மேலே, மேகத்துக்குள் நின்ற மாதிரி இருந்தது. சுற்றிலும் கண்ணாடி, அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. வேறு ஒருவரும் இல்லை. முதல் வேலையாக வெளி மாடத்துக் கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. பின்னாலேயே அவரும் வந்து அதே கதவை இழுத்துப் பார்த்தார்.

பிறகு மூலையில் ஒரு கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றவர் அங்கிருந்து அசையவே இல்லை.

மனைவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல. ஆனா கண்ணாடி என்னமாப் பளபளங்குது. எல்லாம் இவர் கைதாம்மா. இங்கேதான் கண்ணாடி துடைக்கிறார்."

"இங்கேயா?"

"ரெண்டு வருஷமா. முன்னே கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்துல ஏறுவார். ஒரு நாள் விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் இவர் வீடு திரும்பற வரைக்கும் எனக்குப் பச்சைத் தண்ணி இறங்காது. இப்பதான் நிம்மதியாத் தூங்கறேன். உள்ளே நின்னு ஏசி காத்துல துடைக்கிற வேலை பாருங்க."

டிக்கெட்காரிக்குச் சுரீரென்றது. உள்ளே துடைப்பவர்கள் இரண்டு பெண்கள். தினமும் அவளோடு உட்கார்ந்து டீ குடிப்பவர்கள். அப்படியானால் இந்த மனிதர் ரெண்டு வருஷமாகப் புளுகியிருக்கிறார்.

நேரே அவரிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டாள்.

"இந்த மாடியில ஒரு நாளும் உங்களை நான் பார்த்ததில்லையே. நிஜமா உங்களுக்கு எங்கே வேலை?"

அவர் மனைவியின் பக்கம் பார்த்துக்கொண்டார். கண்ணாடியிலிருந்து முதுகை மெல்ல விலக்கினார்.

அவர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், கண்ணாடிக்கு வெளியே, இரண்டு கயிறுகள் தொங்கின. கயிற்று முனையில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு பலகை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

வெயில் நாட்களில் தெருவிலிருந்து அவளும் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். எறும்பு மாதிரி நாலைந்து பேர் ஒட்டிக்கொண்டு இருப்பார்கள். மூட்டம் போட்டால் மட்டும் அவர்களுக்கு வேலை கிடையாது.

"கண்ணாடி துடைக்கிறேன்னு சொன்னேம்மா," என்றார் அவர். "உள்ளேயா வெளியேயான்னு அவ கேக்கல."

"என்னங்க, அங்கே என்ன பேச்சு?" என்று மனைவி வந்தாள்.

அவர் சட்டென்று கண்ணாடியில் சாய்ந்தார். ஒரு கயிறு மறையவில்லை. டிக்கெட்காரி நகர்ந்து போய் அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

"ஏம்மா, உங்களுக்குத் தெரியுமே. இன்னொரு தடவை வரணும்னா எந்த நேரம் நல்லது?" என்று கேட்டாள் மனைவி.

ஒன்பது வருஷத்துப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"இதே நேரம்தாம்மா. நல்ல மூட்டமாப் பார்த்து வாங்க."